டெலிவர்டு என்று காட்டுகிறது, பொருள் வரவில்லை: பணத்தை எப்படித் திரும்ப வாங்குவது?

தம்பி ஒருவர் கேட்டது இதுதான். வீடு தண்டையார்பேட்டையில், ஹவுசிங் போர்டு குடியிருப்பு. அம்மாவுக்கு 4,299 ரூபாயில் ஒரு மிக்ஸி ஆர்டர் போட்டு டெபிட் கார்டில் பணம் கட்டியிருக்கிறார். ஐந்தாம் நாள் 'டெலிவர்டு' என்று மெசேஜ் வந்தது, மிக்ஸி வரவில்லை. கஸ்டமர் கேரில் கம்ப்ளைன்ட்டை இரண்டு முறை மூடிவிட்டார்கள், மூன்றாம் முறை 'எங்கள் பதிவின்படி டெலிவரி ஆகிவிட்டது' என்று ஒரு வரி அனுப்பிவிட்டு அமைதியாகிவிட்டார்கள். பதினெட்டு நாள் ஆகிறது. போதாததற்கு அவர் தங்கை இன்ஸ்டாகிராமில் பார்த்த புடவைக்கு 1,850 ரூபாய் ஜிபே செய்து, அதுவும் வரவில்லை. இரண்டு பணமும் திரும்பக் கிடைக்குமா என்கிறார்.

மிக்ஸி பணம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. புடவைப் பணம், தங்கை யாருக்கு எப்படி அனுப்பினாள் என்பதைப் பொறுத்தது. நான் ஒரு தனியார் வங்கியில் கார்டு தகராறுகளைப் பார்க்கும் பிரிவில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவள். இப்போது கொருக்குப்பேட்டையில் வீட்டோடு இருக்கிறேன், எங்கள் தெருவில் யார் பணம் எங்கே மாட்டினாலும் ஸ்டேட்மென்ட்டைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்குத்தான் வருகிறார்கள். நான் பார்த்த வரையில் பணத்தை விட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நியாயம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. 'இன்னும் 48 மணி நேரம் பொறுங்க மேடம்' என்று சொன்னதை நம்பிப் பொறுத்துப் பொறுத்தே கெடுவைத் தாண்டிவிட்டார்கள். உங்களுக்கு எந்தக் கெடுவும் இன்னும் தாண்டவில்லை. ஆனால் இன்றோடு போனில் பேசுவதை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பியுங்கள்.

அதற்கு முன்னால் பார்சலைத் தேட ஒரே ஒரு நாள் ஒதுக்குங்கள். நம் பக்கத்தில் கதவு எண்ணே ஒரு கதை. பழைய எண் 14, புதிய எண் 31 என்று ஒரு வீட்டுக்கே இரண்டு நம்பர், அதே தெருவில் இன்னொரு வீட்டுக்குப் புதிய எண் 14. ஹவுசிங் போர்டில் கேட்கவே வேண்டாம், பிளாக் எழுத்து விட்டுப்போனால் எல்லா பிளாக்கிலும் அதே கதவு எண் இருக்கும். கீழ் வீடு, எதிர் வீடு, இஸ்திரிக்கடை, முனையில் இருக்கும் பொட்டிக்கடை, எல்லா இடத்திலும் ஒரு முறை கேட்டுவிடுங்கள். 'தம்பி குடுத்துட்டுப் போனான், நீங்க வருவீங்கன்னு வெச்சிருந்தேன்' என்று அலமாரிக்கு மேலிருந்து எடுத்துக் கொடுத்த பாட்டிகளை நானே பார்த்திருக்கிறேன். தபாலில் அனுப்பியிருந்தால் இன்னும் சுலபம். இரண்டு எழுத்தில் ஆரம்பித்து ஐஎன் என்று முடியும் பதிமூன்று இலக்க எண் இருக்கும், அதைத் தபால் துறை தளத்தில் போட்டால் எந்தத் தபால் நிலையத்தில் கிடக்கிறது என்று தெரியும், நேரே போய்க் கேட்டுவிடலாம். நம் தெரு போஸ்ட்மேனுக்கு யார் எந்த வீடு என்று தெரியும், அங்கே தொலைவது குறைவு.

டெலிவரி பையனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். லிஃப்ட் இல்லாத பிளாக்கில் மாடி மாடியாக ஏறி இறங்குகிறவன், அன்றைய எண்ணிக்கையை முடிக்காவிட்டால் அவனுக்குத்தான் திட்டு. சாயங்காலம் கொடுத்துவிடலாம் என்று மதியமே 'டெலிவர்டு' அழுத்திவிட்டு, அப்புறம் பை மாறிப்போய் முழிக்கிற பையன்களும் உண்டு. ஆனால் பார்சலைக் கையில் வாங்குவதற்கு முன்னால் போனில் ஓடிபி கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். 'சிஸ்டத்துல க்ளோஸ் ஆகிடும் அக்கா, நாளைக்குக் காலையில எடுத்துட்டு வரேன்' என்பான். நீங்கள் அந்த நம்பரைச் சொன்ன நொடியில், பொருள் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று நீங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி.

சரி, பார்சல் எங்கும் இல்லை. இப்போது கேட்க வேண்டியது டெலிவரிக்கான ஆதாரம். கம்பெனிக்காரர்கள் இதை பிஓடி என்பார்கள். 'டெலிவரி ஆகிவிட்டது' என்று சொல்கிறவர்களிடம் அதைக் காட்டச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. வீட்டு வாசலில் எடுத்த படம், வாங்கியவர் பெயர், கையெழுத்து, ஓடிபி பதிவான நேரம், அந்த நேரத்தில் பையனின் போன் காட்டிய இடம், இதில் ஏதாவது ஒன்று அவர்களிடம் இருந்தாக வேண்டும்.

எனக்கே இது நடந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பிரஷர் குக்கர் ஆர்டர் போட்டேன், கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். அதே 'டெலிவர்டு', அதே கைவிரிப்பு. நான்கு முறை மூடினார்கள். ஐந்தாம் முறை, வேறு எதுவும் பேசாமல், படத்தை அனுப்புங்கள் என்று மட்டும் எழுதினேன். அனுப்பினார்கள். நீல நிற கேட்டுக்கு முன்னால் அழகாக ஒரு கோலம், கோலத்துக்கு மேலே என் குக்கர். நான் இருப்பது மூன்றாம் மாடி, எங்கள் வீட்டுக்கு கேட் கிடையாது, கோலம் போட இடமும் இல்லை. எங்கள் படிக்கட்டையும் கதவையும் நம்பர் தெரியும்படி படம் எடுத்து, அவர்கள் படத்தோடு சேர்த்துத் திருப்பி அனுப்பினேன். இரண்டு நாளில் பணம் வந்துவிட்டது. குக்கரை வைத்து இப்போது யார் சாம்பார் வைக்கிறார்களோ தெரியாது.

எழுதும்போது கோபத்தைக் கொட்ட வேண்டாம், நீட்டி முழக்கவும் வேண்டாம். இந்த அளவு போதும்: 'ஆர்டர் எண் இது. இந்தத் தேதியில் 4,299 ரூபாய் கட்டினேன். இந்தத் தேதிக்குள் வரும் என்று சொன்னீர்கள். பொருள் என் கைக்கு வரவில்லை, என் வீட்டில் வேறு யாரும் வாங்கவும் இல்லை. டெலிவரி ஆதாரத்தை அனுப்புங்கள். எனக்கு மாற்றுப் பொருள் வேண்டாம், பணம் கட்டிய அதே கார்டுக்கு முழுத் தொகையும் திரும்ப வேண்டும். ஏழு நாளில் தீர்க்காவிட்டால் என் வங்கியில் டிஸ்ப்யூட் புகார் போடுவேன், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்வேன்.' இங்கிலீஷில் எழுதத் தயக்கமாக இருந்தால் பக்கத்து வீட்டுக் காலேஜ் பெண்ணிடம் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை.

மாற்றுப் பொருள் வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 'திரும்ப அனுப்புகிறோம்' என்று அவர்கள் சொல்லி நீங்களும் சரி என்றுவிட்டால், தேதி மறுபடி முதலிலிருந்து ஓடும், இன்னொரு பத்து நாள் போய்விடும். அதே போல, கடையின் சொந்த வாலெட்டில் பணம் போடுகிறோம், கூப்பன் தருகிறோம் என்பார்கள். உங்களுக்கு அது சரிப்பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அப்படி வாங்கிவிட்டால் வங்கியைப் பொறுத்தவரை உங்கள் தகராறு தீர்ந்தது. இன்னொரு சின்ன விஷயம், சாட்டில் பேசி முடிக்கும்போது மரியாதைக்கு 'ஓகே, தேங்க்யூ' என்று போடுகிறோம் இல்லையா, அதையே காரணமாக வைத்து டிக்கெட்டை 'வாடிக்கையாளர் திருப்தி' என்று மூடிவிடும் இடங்கள் உண்டு. 'என் புகார் தீரவில்லை' என்று எழுதிவிட்டு வெளியே வாருங்கள். சாட் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆர்டர் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள், ஏனென்றால் வரும் என்று முதலில் காட்டிய தேதியைப் பிற்பாடு அதே பக்கத்தில் பார்க்க முடியாமல் போகலாம்.

இந்த மெயிலைக் கஸ்டமர் கேருக்கு மட்டும் அனுப்பாதீர்கள். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு ஆன்லைன் கடையும் ஒரு குறைதீர் அலுவலரை வைத்து, அவர் பெயர், பதவி, தொடர்பு விவரத்தைத் தளத்தில் போட்டிருக்க வேண்டும். பக்கத்தின் அடிமட்டத்தில், யாரும் தேடிப் போகாத ஒரு மூலையில் இருக்கும். உங்கள் புகார் கிடைத்தது என்று அவர் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். சொன்ன தேதிக்குப் பிந்தி வந்த பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்றும் அதே விதிகளில் இருக்கிறது, புயல் வெள்ளம் போன்ற யார் கையிலும் இல்லாத காரணத்துக்கு மட்டும் விலக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தப் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதே, அந்த மாதிரி நாட்களில் தாமதம் என்றால் பொறுக்கலாம். தாமதத்துக்கே இப்படி என்றால், வராமலே போன பொருளுக்குப் பணம் கிடையாது என்று சொல்ல அவர்களுக்கு வழியே இல்லை.

'நாங்கள் வெறும் தளம்தான், விற்றது வேறு ஒருவர்' என்று பெரிய தளங்கள் ஒரு பாட்டு பாடும். அப்படியானால் விற்றவரின் முகவரி, மெயில் விவரங்களைக் கொடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள், வாங்கியவர் கேட்டால் அவர்கள் தர வேண்டும், அதுவும் இதே விதிகளில் இருப்பதுதான். விற்றவரோ 'நாங்கள் கூரியரில் போட்டுவிட்டோம், இனி கூரியரைக் கேளுங்கள்' என்பார். கூரியரை வேலைக்கு வைத்தது நீங்களா? இல்லையே. நீங்கள் பணம் கொடுத்தது கடைக்கு, கூரியரோடு கணக்குத் தீர்த்துக்கொள்வது கடையின் வேலை. நீங்கள் மாதவரம், செங்குன்றம் பக்கத்து குடோன்களுக்குப் பஸ் ஏறி அலைய வேண்டாம்.

1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். 8800001915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் பதிவு செய்யலாம், வாட்ஸ்அப் வழி எனக்குப் பிடிக்கும், எழுத்தில் நிற்கிறது. ஒரு புகார் எண் தருவார்கள், பத்திரமாக வையுங்கள். இது கோர்ட் இல்லை, தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள், அவ்வளவுதான். ஆனாலும் பெரிய கம்பெனிகளில் இந்த வழியாக வரும் புகாரைக் கவனிக்க வேறு ஆட்கள் இருப்பார்கள், நீங்கள் சாட்டில் பேசிய அந்தப் பையன்கள் இல்லை. பல பேருக்கு இதிலேயே முடிந்துவிடுகிறது.

இனி என் பழைய வேலைக்கு வருகிறேன். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கார்டில் கட்டிய பணத்துக்கு சார்ஜ்பேக் என்று ஒன்று உண்டு. கடை பொருளைத் தரவில்லை என்று நீங்கள் உங்கள் வங்கியிடம் சொன்னால், உங்கள் வங்கி கார்டு நெட்வொர்க் வழியாக, அதாவது விசா, மாஸ்டர்கார்டு, ரூபே, உங்கள் கார்டில் எது இருக்கிறதோ அது வழியாக, கடையின் வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும். கடை பதில் சொல்லியாக வேண்டும். ஆதாரம் காட்டாவிட்டால் பணம் உங்களுக்கு. 'அது கிரெடிட் கார்டுக்கு மட்டும்தான்' என்று கிளையில் உட்கார்ந்திருப்பவரே சொல்லுவார், தப்பு. டெபிட் கார்டுக்கும் உண்டு. கிளையில் இருப்பவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு நகைக்கடனும் கேஒய்சியும் பார்க்கவே நேரம் போதாது, இந்த வேலை வேறு எங்கோ ஒரு கட்டடத்தில் நடக்கிறது. வங்கியின் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் டிஸ்ப்யூட் என்று வரும், இல்லாவிட்டால் படிவம் கேட்டு வாங்குங்கள்.

படிவத்தில் காரணம் எழுதும் இடத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். 'என்னை ஏமாற்றிவிட்டார்கள்' என்ற ஆத்திரத்தில், 'இது நான் செய்யாத பரிவர்த்தனை', 'மோசடி' என்று டிக் போட்டுவிடுவார்கள். உடனே வங்கி என்ன செய்யும்? கார்டை பிளாக் செய்யும், ஓடிபி யார் போட்டது என்று பார்க்கும், உங்கள் போனுக்கு வந்த ஓடிபியை நீங்களே போட்டது தெரியும், 'பரிவர்த்தனை வாடிக்கையாளரே செய்தது' என்று நிராகரித்துவிடும். அங்கே நடந்ததும் சரிதான், கேட்டதற்குப் பதில் வந்திருக்கிறது. மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று 2017 ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையைக் காட்டிச் சிலர் வாதாடுவார்கள். அது உங்களுக்குத் தெரியாமல் யாரோ உங்கள் கணக்கிலிருந்து எடுத்த பணத்துக்கு. நீங்கள் எழுத வேண்டியது 'பணம் நான்தான் கட்டினேன், பொருள் வந்து சேரவில்லை.' இந்தக் காரணத்துக்குத் தனிக் கட்டமே இருக்கும்.

கெடு? விசா, மாஸ்டர்கார்டில் பொருள் வர வேண்டிய தேதியிலிருந்து பொதுவாக 120 நாள். ஆனால் அது வங்கிகள் தங்களுக்குள் வைத்திருக்கும் கணக்கு, உங்கள் வங்கி அதற்கு முன்பாகவே கேட்கும், ரூபேக்குக் கணக்கு வேறு. அதனால் 120 என்ற எண்ணை நம்பி உட்காராதீர்கள், கடைக்குக் கொடுத்த ஏழு நாள் முடிந்த மறுநாளே போடுங்கள். ஆர்டர் உறுதியான மெயில், வரும் என்று சொன்ன தேதி, பணம் போன ஸ்டேட்மென்ட், கடைக்கு நீங்கள் எழுதியது, அவர்கள் சொன்ன பதில், எல்லாவற்றையும் சேருங்கள். ஸ்டேட்மென்ட்டில் கடையின் பெயர் இல்லாமல் இடையில் பணத்தை வாங்கிக் கொடுக்கும் பேமென்ட் கேட்வேயின் பெயர் இருக்கலாம், பயப்படாதீர்கள், தேதியும் தொகையும் பொருந்தினால் போதும்.

போட்ட சில நாளில் பணம் கணக்கில் வந்துவிடும் சில வங்கிகளில். அதைச் செலவு செய்யாதீர்கள், அது தற்காலிகம். கடை ஆதாரம் காட்டினால் மறுபடி எடுத்துவிடுவார்கள். அப்படிக் கடை காட்டிய ஆதாரம் என்ன என்று வங்கியிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள், என் நீல கேட் கதை உங்களுக்கும் நடக்கலாம். இன்னொன்று, டிஸ்ப்யூட் போட்டது தெரிந்ததும் கடையிலிருந்து அன்பாகப் பேசுவார்கள், 'அதை வாபஸ் வாங்குங்க சார், நாங்களே ரீஃபண்ட் போட்டுடறோம்' என்று. பணம் கணக்கில் ஏறியதைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும் வாபஸ் வாங்காதீர்கள். வாபஸ் வாங்கியதை மறுபடி எழுப்புவது கிட்டத்தட்ட நடக்காத காரியம், அழுதுகொண்டு போன் செய்தவர்கள் எத்தனை பேருக்கு நான் இதைச் சொல்லியிருக்கிறேன். அதே சமயம் கடையும் தந்து வங்கியும் தந்தால், நீங்களே வங்கிக்குச் சொல்லிவிடுங்கள், எப்படியும் ஒன்றைத் திரும்ப எடுக்கத்தான் போகிறார்கள்.

இஎம்ஐயில் வாங்கியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பொருள் வரவில்லை என்பதற்காகத் தவணையை நிறுத்தாதீர்கள், கடன் கொடுத்தவர் கணக்கில் நீங்கள்தான் பாக்கிக்காரர், சிபில் என்கிற கடன் மதிப்பெண் அடி வாங்கும். பணம் திரும்பிய பிறகு இஎம்ஐயை ரத்து செய்யத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

'ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம்' என்று கடை சொல்லியும் பணம் வராவிட்டால், கார்டு என்றால் ஏஆர்என், யுபிஐ என்றால் யுடிஆர், அதாவது அந்தப் பணப் பரிமாற்றத்தின் குறிப்பு எண்ணைக் கேளுங்கள். உண்மையிலேயே அனுப்பியிருந்தால் அந்த எண் இல்லாமல் இருக்காது. எண்ணைக் கொடுத்தால் உங்கள் வங்கி பணம் எங்கே நிற்கிறது என்று தேடிச் சொல்லும், கொடுக்காமல் மழுப்பினால் அனுப்பவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பணம் பிடித்துவிட்டு ஆர்டரே விழாமல் போவது வேறு வகை. யுபிஐயோ கார்டோ, ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே சொல்லிவிட்டது.

வங்கி உங்கள் புகாருக்கு 30 நாளில் பதிலே சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் பொருந்தவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448-ல் கேட்டால் வழி சொல்வார்கள், கட்டணம் இல்லை. ஆனால் அங்கே வங்கியைப் பற்றித்தான் முறையிட முடியும், மிக்ஸி கடையைப் பற்றி இல்லை.

இப்போது தங்கையின் புடவை. ஜிபேயில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, பணம் போனது கடையின் வணிகக் கணக்குக்கா, யாரோ ஒருவருடைய சொந்த நம்பருக்கா என்று பாருங்கள். வணிகக் கணக்கு என்றால் அந்தப் பக்கத்திலேயே புகார் கொடுக்க இடம் இருக்கும், 'பணம் போனது, பொருள் வரவில்லை' என்று பதியுங்கள், பன்னிரண்டு இலக்க யுடிஆர் எண்ணைக் குறித்துக்கொண்டு உங்கள் வங்கியிலும் பதியுங்கள், அங்கும் நடக்காவிட்டால் யுபிஐயை நடத்தும் என்பிசிஐயின் தளத்திலும் புகார் வழி இருக்கிறது. சொந்த நம்பருக்குப் போயிருந்தால், நண்பருக்குக் கைமாற்று கொடுத்த மாதிரிதான். அந்த ஆள் சம்மதிக்காமல் வங்கி பணத்தை இழுக்க முடியாது.

ஆனால் சொந்த நம்பர் என்பதாலேயே மோசடி என்று முடிவு கட்டாதீர்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மொத்தமாக எடுத்து வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் விற்கும் பெண்கள் எத்தனையோ பேர், எல்லோரும் சொந்த நம்பரில்தான் வாங்குகிறார்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று நான்கு நாள் கூரியர் போடாமல் விட்டிருப்பார்கள். முதலில் ஒரு தேதி கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். பார்சல் எண் தராமல் இழுத்தடிப்பது, கமென்ட் பெட்டியை மூடி வைத்திருப்பது, பக்கத்தின் பெயர் அடிக்கடி மாறியிருப்பது, தங்கையை பிளாக் செய்வது, 'கூரியர் சார்ஜ் இன்னும் 300 போடுங்கள், சேர்த்துத் திருப்பித் தருகிறோம்' என்பது, இதெல்லாம் வந்தால் சந்தேகம் வேண்டாம். அந்த 300-ஐ அனுப்பாமல், நேராக சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள், சைபர் கிரைம் தளத்திலும் பதியலாம். இதில் மணிக்கணக்குதான் முக்கியம், பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க முடியும். இத்தனை நாளுக்குப் பிறகு 1,850 திரும்புவது கஷ்டம்தான், உங்களிடம் மறைப்பதற்கில்லை. அப்படியும் பதியச் சொல்லுவேன், ஏனென்றால் அதே கணக்கு மேல் இன்னும் இருபது பேர் புகார் கொடுத்திருக்கலாம். நேர்மையாக வியாபாரம் செய்து நான்கு நாள் தாமதமான பெண் மேல் மட்டும் கோபத்தில் இதைச் செய்துவிடாதீர்கள், கணக்கு முடங்கினால் அவிழ்ப்பதற்குள் அந்தக் குடும்பம் படாத பாடு படும்.

நடுவில் ஒரு எச்சரிக்கை. கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி வந்த நம்பருக்குக் கூப்பிடாதீர்கள், ஆர்டர் போட்ட ஆப்புக்குள்ளிருந்து மட்டும் தொடர்பு கொள்ளுங்கள். சமூக வலைத்தளத்தில் போன் நம்பரோடு புகார் போடுகிறவர்களுக்கு அரை மணியில் 'ரீஃபண்ட் டிபார்ட்மென்ட்' என்று கால் வரும், ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி உங்கள் ஸ்கிரீனையே அவன் பார்ப்பான், யுபிஐ பின் போடச் சொல்லுவான். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் போடவே தேவையில்லை. 4,299-ஐத் தேடப் போய் 40,000-ஐ விட்டவர் எங்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார், பாவம், இப்போது போன் அடித்தாலே எடுக்க மாட்டேன் என்கிறார்.

எதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வட சென்னைக்குத் தனியாகவே ஒன்று உண்டு. கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் குர்கானில் இருந்தாலும், 2019 சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் இடத்தில் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், பிரச்சினை நடந்ததிலிருந்து இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது. தளத்தையும் விற்றவரையும் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள், ஒருவர் மேல் ஒருவர் கை காட்ட இடம் கொடுக்காதீர்கள். மிக்ஸி விலையோடு வட்டி, மன உளைச்சலுக்கு, செலவுக்கு என்று கேட்கலாம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் அதைவிட இழுக்கும். 4,299 ரூபாய்க்கு இது தேவையா என்றால், வழக்கு வரைக்கும் பெரும்பாலும் போகாது என்பேன். அதற்கு முன்னால் கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு பக்க நோட்டீஸ், பதினைந்து நாள் கெடு, அடியில் உங்கள் கையெழுத்து. ஐம்பது மெயிலுக்கு அசையாத ஆட்கள் ஒரு தபால் கவருக்கு அசைவதைப் பார்த்திருக்கிறேன். காகிதம் என்றால் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கி, இன்னொருவர் மேஜையில் வைத்தாக வேண்டும்.

ஆகவே தம்பி, இன்று சாயங்காலம் அக்கம் பக்கம் விசாரித்துவிட்டு, இரவுக்குள் குறைதீர் அலுவலருக்கு மெயில் போட்டுவிடுங்கள். நாளைக்கு வாட்ஸ்அப்பில் 8800001915-க்குப் புகார். ஏழு நாள் முடிந்ததும் டெபிட் கார்டு டிஸ்ப்யூட், காரணம் 'பொருள் வரவில்லை'. தங்கையை இன்றே ஜிபே பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். டெலிவரி படம் வந்தால் எனக்கும் காட்டுங்கள், பிளாக் நம்பர் தெரிகிறதா, அது யார் வீட்டுக் கதவு என்று பார்ப்போம்.